பித்தப்பைக் கல் தானாகவே மலத்தில் வெளியேறிவிடுமா? ஆலிவ் எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் குடித்தால் பச்சைக் கற்கள் விழுகின்றனவே?

சில கற்கள் வெளியேறும். ஆனால் சிறுநீரகக் கல்லை மனதில் வைத்துக்கொண்டு இதை யோசிக்காதீர்கள். அங்கே தண்ணீர் நிறையக் குடித்தால் சிறுநீர் பெருகிக் கல்லைத் தள்ளும். பித்தப்பைக்கு அந்த வழி கிடையாது. வாழைத்தண்டுச் சாறு குடம் குடமாகக் குடித்தாலும் அது பித்தப்பைக்குள் போவதில்லை.

எண்ணெய்ப் பண்டம் சாப்பிட்டதும் சிறுகுடலில் சுரக்கும் ஒரு ஹார்மோன் பித்தப்பையைச் சுருங்க வைக்கும். அப்போதுதான் கல் நகரும். பையின் கழுத்திலிருந்து கிளம்பும் குழாயின் உள்விட்டம் 2, 3 மி.மீ.தான், உள்ளே திருகாணி மரை மாதிரி மடிப்புகள் வேறு. அதைத் தாண்டினால் கொஞ்சம் அகலமான பொதுப் பித்தக்குழாய், சுமார் 6 மி.மீ. அது சிறுகுடலில் திறக்கும் வாயை ஒரு வளையத்தசை இறுக்கிப் பிடித்திருக்கும். கணையத்தின் குழாயும் பெரும்பாலும் அதே வாய்க்குத்தான் வருகிறது. வில்லங்கமே அங்கேதான்.

ஸ்கேனில் 2 செ.மீ. கல் என்றால் எல்லோரும் பதறுகிறார்கள். அது பையைவிட்டு நகராமல் பல வருடம் சும்மா கிடக்கலாம். நழுவி இறங்குபவை கடுகு, மிளகு அளவுக் கற்கள். வளையத்தசையைத் தாண்டிவிட்டால் யாருக்கும் தெரியாமல் மலத்தோடு போய்விடும். அந்தக் குழாய் வாயில் மாட்டிக்கொண்டால் கணையம் வீங்கும். மேல்வயிற்றில் தொடங்கும் வலி முதுகுவரை ஊடுருவும், வாந்தி நிற்காது. பித்தம் அடைபட்டால் கண் மஞ்சளாகும், சிறுநீர் கட்டன் சாயா நிறத்துக்கு வரும், மலம் களிமண் மாதிரி வெளுக்கும். இதோடு குளிர்காய்ச்சலும் சேர்ந்தால் குழாயில் கிருமி ஏறிவிட்டது என்று பொருள். விடியட்டும் என்று இருக்காதீர்கள், அன்று இரவே மருத்துவமனைக்குப் போங்கள்.

எண்ணெய் குடித்தபின் விழும் பச்சை உருண்டைகள் கல்லே அல்ல. 2005-இல் 'தி லான்செட்' இதழில் வந்த ஓர் ஆய்வில் அவற்றை 40 டிகிரிக்குச் சூடாக்கியதும் பச்சை எண்ணெயாக உருகின. குடித்த எண்ணெயும் எலுமிச்சையும் குடலுக்குள் சேர்ந்து உருவான சோப்புக் கட்டிகள் அவை. விரலால் அழுத்தினாலே நசுங்கும். அதைவிட ஆபத்து, அவ்வளவு எண்ணெய் பித்தப்பையைப் பலமாகச் சுருக்கி உண்மையான கல்லைக் குழாய்க்குள் தள்ளிவிடலாம்.

உர்சோடியாக்சிகோலிக் அமிலம் என்ற மாத்திரை, 1 செ.மீ.க்குக் குறைந்த, சுண்ணாம்பு படியாத கொழுப்புக் கற்களை மட்டும் மெல்லக் கரைக்கும். 6 மாதம் முதல் 2 வருடம்வரை பிடிக்கும். நிறுத்தியபின் ஐந்து வருடத்துக்குள் பாதிப் பேருக்குத் திரும்ப வருகிறது.

குழாயில் மாட்டிய கல்லை இ.ஆர்.சி.பி. மூலம் எடுப்பார்கள்: வாய்வழியாக எண்டோஸ்கோப்பை இறக்கி, அந்த வளையத்தசையைச் சிறிது கீறி, கம்பிக்கூடையாலோ பலூனாலோ இழுத்துவிடுவார்கள். வலி போனதும் பலர் இத்தோடு நின்றுவிடுகிறார்கள். கல் உண்டாகும் பை உள்ளேயே இருக்கிறது; அடுத்த கல் அதே வழியாக இறங்கும். லேப்ராஸ்கோபியில், அதாவது வயிற்றில் சிறு துளைகள் போட்டுச் செய்யும் அறுவையில், பையை எடுப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். வலியே இல்லாமல், வேறு காரணத்துக்கு எடுத்த ஸ்கேனில் கல் தெரிந்தது என்றால் பெரும்பாலும் அறுவை தேவைப்படாது.