கண்ணை மூடினால் நித்திரைதான் வருகிறது. ஆத்ம விசாரத்தைத் தினமும் எப்படிச் செய்வது?

கேட்டவர் கிளிநொச்சிப் பக்கம் வயல் செய்பவர். ஆன்மாவும் பிரம்மமும் ஒன்றே என்னும் அத்வைதப் பேச்சுகள் நிறையக் கேட்டிருக்கிறார். விடிய எழும்பி ‘நான் பிரம்மம்’ என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தும் பலனில்லை என்கிறார்.

அப்படிச் சொல்லிக்கொண்டே இருப்பதை முதலில் விடுங்கள். அது ஜெபம். விசாரம் என்பது ‘நான்’ எது என்று பார்த்துப் பிரித்தறிவது. பிருகதாரண்யக உபநிடதத்தில் யாக்ஞவல்க்கிய முனிவர் மனைவி மைத்ரேயிக்குக் காட்டும் ஒழுங்கு கேட்டல், சிந்தித்தல், அதிலேயே ஊன்றி நிற்றல். நடுவில் உள்ளதைத் தாண்டிப் போனால், கண்ணை மூடி இருக்கும் நேரமெல்லாம் மனம் வழக்காடிக்கொண்டிருக்கும். சந்தேகங்களைப் பகலில் வயல் வரம்பில் நிற்கும்போது யோசித்துத் தீர்த்துவிடுங்கள். விடியப்புறத்துக்குக் கொண்டுவர வேண்டாம்.

அரை மணித்தியாலம் போதும். நாலரைக்கு முகம் கழுவி, பாயில் நிமிர்ந்து இருங்கள். முழங்கால் நொந்தால் கதிரை. சுவரில் சாயாதீர்கள். முதலில் திருவாசகத்தின் சிவபுராணத்தை வாய்விட்டுப் பாடுங்கள். 95 அடி, ஏழெட்டு நிமிடம். மூச்சும் சீராகும், தூக்கமும் கலையும்.

பிறகு காதில் விழும் ஒரு சத்தத்தை எடுங்கள். மயில் கத்தலாம், கோயில் ஒலிபெருக்கியும் தொடங்கியிருக்கலாம். சத்தம் அறியப்படுகிறது, அறிவது காது. காது அடைத்திருக்கிறதா, கூர்மையாக இருக்கிறதா என்பதும் தெரிகிறது. அதை அறிவது மனம். ‘இந்த நேரத்தில் இவ்வளவு சத்தமா’ என்று மனம் எரிச்சல்படுகிறது. அந்த எரிச்சலும் தெரிகிறது. அது எதற்குத் தெரிகிறது? அங்கே நில்லுங்கள். எரிச்சலை அறிவதில் எரிச்சல் இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள்.

பெரும்பாலானோர் பிழைவிடுவது இந்த இடத்தில்தான். எல்லாவற்றையும் அறிந்து நிற்கும் அந்தச் சாட்சியைத் தேடிப் புருவ நடுவில் வெளிச்சம் பார்க்கப் போவார்கள். ஏதாவது பார்க்கக் கிடைத்தால் அது இன்னொரு காட்சி, அவ்வளவுதான். பார்ப்பவன் அதற்கும் இந்தப் பக்கம். நினைப்பு இழுத்துக்கொண்டு போனால் ரமணர் சொன்ன வழி எளிது: ‘இது யாருக்கு?’ ‘எனக்கு.’ ‘நான் யார்?’ ஒருதரம் கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். சொல்லால் பதில் தயாரிக்க வேண்டாம். பத்துப் பன்னிரண்டு நிமிடத்துக்கு மேல் ஆரம்பத்தில் இழுக்காதீர்கள்.

இனி நித்திரை. பழைய அத்வைத ஆசிரியர் கௌடபாதர் மாண்டூக்கியக் காரிகையில் தடைகளைப் பெயர் சொல்லி மருந்தும் சொல்கிறார். மனம் ஒடுங்கித் தூங்கினால் (லயம்) எழுப்பு. சிதறினால் (விட்சேபம்) அமைதிப்படுத்து. உள்ளே கிடக்கும் பற்று மந்தமாக்கினால் (கஷாயம்) அதை அறிந்துகொள். வரும் சுகத்தைச் சுவைத்துக்கொண்டிராதே. லயம் வந்தால் கண்ணைத் திறந்து எழும்பி முற்றத்தில் நடந்துவிட்டு வந்து இருங்கள். ஆனால் யானைக்காகப் பரணில் இரவு முழுக்கக் காவலிருந்துவிட்டு வந்தவருக்கு இது தடையே அல்ல. உடம்பு நித்திரை கேட்கிறது. அன்றைக்குப் படுங்கள்.

துறவிக்குத்தான் இது சரிவரும் என்று தயங்க வேண்டாம். யாழ்ப்பாணத்து ஞானி யோகர் சுவாமிகளும் ஆரம்பத்தில் கிளிநொச்சியில் நீர்ப்பாசன வேலைக் களஞ்சியத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர்தான். ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ளாதீர்கள். நம் வீடுகளில் கேட்டு வளர்ந்த சைவ சித்தாந்தமும் அத்வைதம் என்ற சொல்லையே ஆளுகிறது; அங்கே உயிரும் சிவமும் பிரிப்பின்றி நிற்கும், ஆனால் ஒரே பொருள் அல்ல. சங்கரர் மரபில் இரண்டாவது பொருளே இல்லை. இரண்டையும் கலந்து படித்தால் சிந்தித்தல் முடியவே முடியாது.

கடைசியாக, 2009 போரைக் கடந்து வந்தவர்களுக்கு இதை அழுத்திச் சொல்ல வேண்டும். கண்ணை மூடி அமைதியானால் சிலருக்குப் பழைய காட்சிகளும் சத்தங்களும் திரும்பி வரும், நெஞ்சு படபடக்கும். அதைக் கஷாயம் என்று பெயர் வைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்காதீர்கள். ‘நான் சாட்சி, எனக்குத் துக்கமில்லை’ என்று செத்தவர்களுக்கான அழுகையை அடக்கவும் வேண்டாம். அழுவது மனம், அதை அழ விடுவதால் சாட்சிக்கு ஒரு குறையும் வராது. கண்ணைத் திறந்து, காலைத் தரையில் ஊன்றி, விளக்கைப் பார்த்தபடி தேவாரம் பாடுவதோடு அன்றைக்கு நிறுத்துங்கள். அடிக்கடி வந்தால் சில மாதங்களுக்கு இப்படிக் கண்ணை மூடி இருப்பதை விட்டு, ஆஸ்பத்திரி மனநலப் பிரிவில் ஒருவரோடு கதையுங்கள். அந்த மாதங்களில் பாட்டும் கோயிலும் வயலும் போதும்.