வண்டிக்கு கீழ ஆயில் சொட்டுதா? கேளுங்க சொல்றேன்

கிருஷ்ணகிரி பக்கம் 26 வருஷமா டூவீலர் பட்டறை வெச்சிருக்கேன். ஞாயித்துக்கிழமை லீவு, ஆயில் லீக் பத்தி கேளுங்கன்னு சொன்னேன், காலைல இருந்து கேள்வி வந்துட்டே இருக்கு. ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜின் மட்டும் தான் இன்னிக்கு. மைலேஜ், செகண்ட்ஸ் வண்டி என்ன விலைக்கு போகும், அதெல்லாம் வேற நாளைக்கு.

காரிமங்கலத்துல இருந்து: அண்ணா, 100 சிசி வண்டி, 8 வருஷம் ஆச்சு. லெஃப்ட் சைடு மேக்னட் கவர் கீழ சொட்டுது. கவருக்கு நடுவுல வெக்கற பேப்பர் பேக்கிங் ரெண்டு தடவ மாத்தியாச்சு, நிக்கல. இப்ப இன்ஜின பிரிக்கணும்ங்கறாங்க.

பிரிக்காதீங்க, இருங்க. ஆயில் எங்க சொட்டுதோ அங்க தான் லீக்னு நெனச்சா காசு தான் போகும். இன்ஜின் மேல் பாகம் ஹெட்டுல கசியற ஆயில், சுத்தி இருக்கற ஃபின்னு தகடு வழியா இறங்கி, ஓடறப்ப காத்து அடிச்சு பின்னாடி தள்ளி, கடைசில மேக்னட் கவர் அடில வந்து நிக்கும், நாம அதப் பாத்துட்டு கவர கழட்டுவோம். மொதல்ல கழுவுங்க. இன்ஜின் நல்லா ஆறட்டும், மண்ணெண்ணெயோ டீசலோ ஒரு பிரஷ்ல தொட்டு ஃபின் இடுக்கெல்லாம் தேச்சு, சோப்புத் தண்ணி ஊத்தி துணியால தொடச்சு, வெயில்ல நிறுத்தி பொட்டு ஈரம் இல்லாம காயவிடுங்க. அப்புறம் மூஞ்சிக்கு போடற டால்கம் பவுடர் எடுத்து இன்ஜின் முழுக்க தூவிட்டு ஒரு 5 கிலோமீட்டர் மெதுவா ஓட்டிட்டு வந்து டார்ச் அடிச்சுப் பாருங்க. பவுடர் நனைஞ்ச இடத்துலயே எது ரொம்ப மேலயும் ரொம்ப முன்னாடியும் இருக்கோ அதான் ஊத்து, மிச்சமெல்லாம் வாய்க்கா. நனைஞ்சது ஒண்ணும் தெரியலன்னா இன்னொரு 10 கிலோமீட்டர், இந்த தடவ கொஞ்சம் விரட்டி. சில லீக் சூடான பிறகு தான் வாயத் தெறக்கும்.

இன்னொண்ணு, லெஃப்ட் சைடுல செயின சுத்தற பல்சக்கரம், முன் ஸ்ப்ராக்கெட் இருக்கு. செயினுக்கு அள்ளி ஊத்தின ஆயில் சுத்தி அடிச்சு ஸ்ப்ராக்கெட் கவருக்குள்ள மண்ணோட சேந்து களி மாதிரி கெடக்கும், அது சூட்டுல உருகி சொட்டும். தொட்டுப் பாருங்க. இன்ஜின் ஆயில் வழவழன்னு தண்ணியா இருக்கும், செயின் ஆயில் பிசுபிசுன்னு கையில ஒட்டும். அந்த கவர கழட்டி வழிச்சு எடுத்ததும் "லீக்" நின்னு போன வண்டி என் பட்டறைலயே எத்தனையோ. உள்ள சுத்தம் பண்ண பிறகும் ஸ்ப்ராக்கெட் ஷாஃப்ட் ஓரமா ஈரம் வந்தா தான் ஆயில் சீல் போயிருக்குன்னு அர்த்தம். பக்கத்துலயே கியர் லிவர் ஷாஃப்ட் சீல் இருக்கு, அதையும் பாருங்க. பாத்துட்டு சொல்லுங்க.

அரூர்ல இருந்து: ஆயில் எறக்கற ட்ரெயின் போல்ட்டு மரை போச்சு ணா. பெரிய போல்ட்டா அடிச்சு ஏத்திடலாம்ங்கறாங்க?

ஏத்துனா இன்ஜின் கூடு, அதான் கிராங்கேஸ், வெடிக்கும், அலுமினியம் அது. லேத்துக்கு கொண்டுபோய் புஷ் போட்டோ ஹெலிகாயில்ங்கற கம்பிச் சுருள் போட்டோ புது மரை எடுங்க. இனிமே ஒவ்வொரு ஆயில் மாத்தறப்பவும் அந்த போல்ட்டு வாஷர மாத்துங்க, டீ காசு தான் அது. ஸ்பேனர் மேல ஏறி நின்னு டைட் பண்றதுனால தான் மரை போகுது.

பென்னாகரத்துல இருந்து: எக்ஸெல் சூப்பர் சைலன்சர்ல கருப்பா ஆயில் வடியுது.

அது டூ ஸ்ட்ரோக் தம்பி, பெட்ரோல்ல கலக்கற 2டி ஆயில் எரியாம வருது. அளவா கலக்குங்க, சைலன்சர கழட்டி கரி எடுங்க. ஃபோர் ஸ்ட்ரோக் எக்ஸெல் 100 தான், அதுக்கு இன்ஜின் ஆயில் தனி. பழைய வண்டிய வித்துட்டு 100 வாங்கினவங்க பழக்க தோஷத்துல பெட்ரோல்ல ஆயில் கலந்து ஓட்டறாங்க, அதையும் பாத்திருக்கேன்.

நல்லம்பள்ளில இருந்து: வெளிய ஒரு சொட்டு லீக் இல்ல, ஆனா ஆயில் குறையுது. தொப்பூர் கணவாய் இறங்கி முடிச்சு ஆக்சிலேட்டர் குடுக்கறப்ப பின்னாடி நீலமா ஒரு புகை, அப்புறம் சரியாயிடுது.

நல்லா கவனிச்சிருக்கீங்க, பாதி வேலைய நீங்களே முடிச்சிட்டீங்க. இறக்கத்துல கியர்ல போட்டு ஆக்சிலேட்டர விட்டுட்டு வரீங்க இல்லையா, அப்ப கார்பரேட்டர் மூடி இருக்கு, பிஸ்டன் காத்த இழுக்குது, காத்து கிடைக்கல. அந்த உறிஞ்சல்ல இன்டேக் வால்வு தண்டு வழியா ஹெட்டுல இருக்கற ஆயில் கொஞ்சம் கொஞ்சமா உள்ள எறங்கும். கீழ வந்து திருகினதும் சேந்தது எல்லாம் ஒரே அடியா எரிஞ்சு நீலப் புகை. வால்வு சீல் தேஞ்சதுக்கு இது தான் அடையாளம். காலைல மொத ஸ்டார்ட்ல ஒரு புகை விட்டுட்டு நின்னாலும் இதே தான். மாத்தி யோசிங்க, ஏத்தத்துல, லோடுல, விரட்டறப்ப புகை விட்டுட்டே வந்தா அது பிஸ்டன் ரிங், சிலிண்டர் போர் வேலை, செலவு வேற கணக்கு. இன்ஜின் மூச்சு விடற குழாய் இருக்கே, பிரீதர் ஹோஸ், அது நுனில விரல வெச்சுப் பாருங்க, லேசா மூச்சு விடற மாதிரி வந்தா பரவால்ல, புகையோட புஸ்ஸு புஸ்ஸுன்னு தள்ளினா ரிங் போயிடுச்சு. வால்வு சீலுக்கு ஹெட்ட மட்டும் எறக்கினா போதும், போர் அடிக்கணும்னு யாராவது சொன்னா ஏன்னு கேளுங்க.

தேன்கனிக்கோட்டைல இருந்து: மார்கழி காலைல வெள்ளப் புகை...

ஆவி. ரெண்டு நிமிஷத்துல நின்னுச்சுன்னா பயப்படாதீங்க.

ஊத்தங்கரைல இருந்து: அண்ணா வண்டிக்கு கீழ ஆயில் சொட்டுது என்ன பண்ண?

காரிமங்கலத்துக்கு சொன்னது. மொதல்ல கழுவுங்க.

பர்கூர்ல இருந்து: அப்பா வெச்சிருந்த பழைய வார்ப்பிரும்பு இன்ஜின் புல்லட். ஒரு மாசம் நிறுத்திட்டு எடுத்தா பிரீதர்ல ஆயில் கொட்டுது. புல்லட்டுன்னா ஒழுகத்தான் செய்யும்ங்கறாங்க, நெசமா?

சோம்பேறி மெக்கானிக் பேச்சு அது. அந்த வண்டி ட்ரை சம்ப், ஆயில் தனி அறைல நிக்கும், பம்ப் எடுத்து குடுத்து திருப்பி இழுத்துக்கும். நாள் கணக்குல நின்னா ஆயில் மெல்ல கிராங்க் பக்கம் இறங்கிடும். ஸ்டார்ட் பண்ணதும் கிராங்க் அத அடிச்சு பிரீதர் வழியா வெளிய தள்ளும். நீங்க ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி அளவு பாத்து, குறைவா இருக்கேன்னு ஊத்தியிருப்பீங்க. ஓட்டி, சூடு பண்ணி, நிறுத்தி அப்புறம் பாருங்க. பிரீதர் முனைல வாத்து மூக்கு மாதிரி ஒரு ரப்பர் வால்வு இருக்கும், அது வெறச்சுப் போச்சுன்னா உள்ள பிரஷர் ஏறி எல்லா இடுக்குலயும் ஆயில் வரும். டேப்பட் கவர், பிரைமரி கவர் ரெண்டும் ஒத்த நெட்டுல நிக்கறது, இன்னும் டைட் பண்ணா நிக்கும்னு முறுக்கி முறுக்கி கவர் வளைஞ்சிருக்கும். கண்ணாடி மேல வெச்சு சமமா உக்காருதான்னு பாருங்க.

ஓசூர்ல இருந்து: சிரிக்காதீங்க அண்ணா. மச்சான் கனடால இருக்கான், பனில ஓட்டற ஸ்னோமொபைல், ஃபோர் ஸ்ட்ரோக். அடில ஆயிலா கெடக்குதாம்.

சிரிக்கறதுக்கு என்ன இருக்கு, ஆயில் எல்லா ஊர்லயும் கீழ தான் வடியும். நான் அந்த வண்டிய கையால தொட்டதில்ல, ஆனா இன்ஜின் இன்ஜின் தான். இப்ப புல்லட்டுக்கு சொன்னேன் பாருங்க, அந்த வண்டிலயும் ட்ரை சம்ப் மாடல் உண்டு. குளுந்த இன்ஜின்ல அளவு பாத்து ஊத்துனா கூடிப்போய் இன்ஜினுக்கு காத்து போற ஏர் பாக்ஸுல வரும். மேனுவல்ல எப்படி பாக்க சொல்லியிருக்கோ அப்படியே பாக்க சொல்லுங்க. ரெண்டாவது, நம்மூர்ல வராத பிரச்சனை ஒண்ணு அங்க இருக்கு. இன்ஜின் மூச்சுல இருக்கற நீராவி பிரீதர் ஹோஸ்ல ஐஸா உறைஞ்சு அடைச்சுக்கும். மூச்சு விட வழி இல்லாம உள்ள பிரஷர் ஏறி, நல்லா இருக்கற ஆயில் சீல் வழியாவே ஆயில தள்ளிடும். சீல மாத்துவாங்க, அடுத்த குளிருக்கு திரும்ப போகும். அதனால மொதல்ல ஹோஸ் முழுக்க அடைப்பு இருக்கான்னு பாக்கணும். அடில தொட்டி மாதிரி மூடியிருக்கறதால எங்க இருந்து வந்தாலும் ஒரே எடத்துல தான் தேங்கும், தொட்டிய தொடச்சு வெள்ளத் துணி விரிச்சு கொஞ்ச நேரம் ஓட்டிப் பாக்க சொல்லுங்க.

பாலக்கோட்டுல இருந்து, பட்டறைக்காரர்: எல்லாம் சரி. ஆனா பேக்கிங்குக்கு ரெண்டு பக்கமும் சிலிக்கான் பேஸ்ட் போட்டா ஜென்மத்துக்கும் லீக் வராது, அத ஏன் சொல்லல?

வேணும்னே தான் சொல்லல. பேப்பர் பேக்கிங் தனியா நிக்கறதுக்கு செஞ்சது. வெளிய பிதுங்கற பேஸ்ட் நம்ம கண்ணுக்கு தெரியும், அதே அளவு உள்ளயும் பிதுங்கி இருக்கும், அது என்னிக்காவது பிஞ்சு ஆயில் வடிகட்டற ஸ்ட்ரெய்னர்ல போய் அடைக்கும். ஹெட்டுக்கு ஆயில் ஏறாது, வால்வ தெறக்கற கேம் ஷாஃப்ட் போகும்.

பாலக்கோடு: 20 வருஷமா போடறேன், ஒரு வண்டி திரும்பி வரல.

திரும்பி வரலன்னா நல்லா இருக்குன்னு அர்த்தமா, வேற பட்டறைக்கு போயிருக்கும்!

மத்தூர்ல இருந்து: ரெண்டு பேரும் சண்ட போடாதீங்க. ராயக்கோட்டைக்கு தக்காளி லோடு அடிக்கற வண்டி எனக்கு, எதப் போடட்டும்?

எந்த எடத்துல லீக்னு சொல்லாம எதப் போடன்னா நான் என்ன சொல்ல.

பாலக்கோடு: கிராங்கேஸ் ரெண்டு பாதிக்கு நடுவுல நெறைய வண்டிக்கு கம்பெனிலயே பேஸ்ட் தான், பேக்கிங்கே கெடையாது. அதுக்கு என்ன சொல்றீங்க?

அது நெசம், ஒத்துக்கறேன். பேக்கிங் இல்லாத ஜாயின்ட்டுக்கு பேஸ்ட் தான், மெல்லிசா ஒரு படலம், ஓரமா வழியாம. நான் சொல்றது தோசைக்கு சட்னி மாதிரி அப்பறவங்கள. பழைய பேக்கிங்க சுரண்டாம அதுக்கு மேலயே பேஸ்ட் அடிச்சு மூடின வண்டி போன வாரம் கூட வந்துச்சு. ஸ்ட்ரெய்னர கழட்டினா சேமியா மாதிரி இழை இழையா சிலிக்கான்.

பாலக்கோடு: அது நான் செஞ்ச வண்டி இல்ல.

நான் உங்கள சொல்லலையே.

சூளகிரில இருந்து: முன்னாடி ஷாக் அப்சார்பர்ல ஆயில்.

ஃபோர்க் சீல். இன்ஜின் இல்ல, ஆனா நாளைக்கே மாத்துங்க. டிஸ்க் பிரேக்ல அந்த ஆயில் பட்டா பிரேக் பிடிக்காது.

காவேரிப்பட்டணத்துல இருந்து: ஆயில் சொட்டுது...

கழுவுங்க.

காரிமங்கலம், சாயந்தரம்: அண்ணா கழுவி பவுடர் போட்டு போய்ட்டு வந்தேன். மேக்னட் கவர் காஞ்சு தான் இருக்கு. மேல ஹெட்டுல லெஃப்ட் சைடு கவர் ஓரத்துல தான் நனைஞ்சிருக்கு, அங்க இருந்து ஒரு கோடு கீழ இறங்குது. அந்த கவர் பேக்கிங் வாங்கிட்டேன். கூட கொஞ்சம் பேஸ்ட் போட்டுக்கட்டுமா?

வேணாம் தம்பி. பழசு ஒட்டியிருக்கறத பிளேடால கீறல் விழாம சுரண்டிட்டு பேக்கிங்க மட்டும் வெச்சு மாட்டுங்க. போல்ட்டுக்கு அடில இருக்கற வாஷரும் புதுசா போடுங்க.