வலிமை குறைந்த அமிலம் கையைச் சுடுமா?

கேள்வி: நான் பி.எஸ்சி. வேதியியல் முதலாண்டு மாணவன். வலிமை குறைந்த அமிலமும் நீர்த்த அமிலமும் ஒன்றா? ஃபார்மிக் அமிலம் வலிமை குறைந்தது என்றால், அதை நடுநிலையாக்க ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்குத் தேவைப்படுவதைவிடக் குறைவான காரம் போதாதா?

பதில்: இரண்டும் ஒன்றல்ல, காரமும் குறையாது. நாளைக்குத் தேர்வு வைத்திருப்பவர் இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம். இதே இரண்டு கேள்விகளையும் வகுப்பில் எழுந்து கேட்டு அவமானப்பட்டவன் என்பதால், எனக்கு இத்துடன் நிறுத்த மனம் வரவில்லை.

கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரத்துக்குப் பக்கத்தில் எங்களுக்குச் சிறிய ரப்பர் தோட்டம் உண்டு. விடியுமுன் அப்பா பால் வெட்டிவிட்டு வருவார். பிறகு சிரட்டைகளில் வடிந்த பாலைச் சேர்த்து, நீர் கலந்து அரித்துத் தட்டுகளில் ஊற்றி, ஆசிட் விட்டு உறைய வைப்பது வீட்டிலிருப்பவர்களின் பொறுப்பு. அந்த ஆசிட், கேனில் வரும் 85 சதவீத ஃபார்மிக் அமிலம். நூற்றுக்கு ஒரு பங்கு அளவில் நீர்த்த பிறகே அதைப் பாலில் விடுவோம். பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும்போது, கேனைச் சாய்த்த அவசரத்தில் என் இடது கையில் கொஞ்சம் தெறித்துவிட்டது. அம்மா கிணற்றடிக்கு இழுத்துப்போய் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றியும் கொப்பளம் எழும்பியது. மணிக்கட்டுக்கு மேலே அந்தத் தழும்பு இன்றும் இருக்கிறது.

1994-இல் நாகர்கோவில் பக்கம் ஒரு கல்லூரியில் சேர்ந்தேன். கல்லூரியின் பெயர் இங்கே தேவையில்லை. அமிலங்களைப் பற்றிய வகுப்பில் பேராசிரியர் ஃபார்மிக் அமிலத்தை வலிமை குறைந்த அமிலங்களின் பட்டியலில் எழுதினார். நான் எழுந்து, "சார், அது வலிமை குறைந்தது இல்லை, என் கையைப் பாருங்கள்" என்றேன். வகுப்பு சிரித்தது. "தமிழ் வழியில் படித்துவிட்டு வந்தால் இப்படித்தான்" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த வரிக்குப் போய்விட்டார்.

அவர் சொன்ன வேதியியலில் பிழையில்லை. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் குழப்பம் தமிழால் வந்தது என்றாரே, அதை மட்டும் இன்றுவரை என்னால் ஏற்க முடியவில்லை. தமிழில் செறிவு வேறு, வலிமை வேறு. அடர், நீர்த்த என்பவை செறிவைச் சொல்பவை. ஆய்வகத்திலோ ஒரு லிட்டரில் எத்தனை கிராம் என்பதற்கும் 'ஸ்ட்ரென்த்' என்றார்கள், அமிலத்தின் வலிமைக்கும் அதே சொல்லையே சொன்னார்கள். இரண்டு பொருளுக்கு ஒரே சொல்லைப் புழங்கியது யார் என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

ஒரு லிட்டர் கரைசலில் எத்தனை மோல் அமிலம் இருக்கிறது என்பது செறிவு. கரைந்த மூலக்கூறுகளில் எந்தப் பங்கு பிரிந்து ஹைட்ரஜன் அயனியைக் கொடுக்கிறது என்பதை ஒட்டியது வலிமை. ஹைட்ரோகுளோரிக் அமிலம் நீரில் ஏறக்குறைய முழுவதும் பிரிந்துவிடும், 0.1 மோலார் (லிட்டருக்கு 0.1 மோல்) கரைசலின் பிஹெச் 1. பிஹெச் என்பது கரைசலில் உள்ள ஹைட்ரஜன் அயனிகளின் செறிவைக் காட்டும் எண், அயனிகள் கூடக்கூட அது குறையும். ஓர் அமிலம் எந்த அளவுக்குப் பிரியும் என்பதைச் சொல்லும் எண் பிரிகை மாறிலி, ஃபார்மிக் அமிலத்துக்கு அது சுமார் 1.8 × 10⁻⁴. ஆகவே அதன் 0.1 மோலார் கரைசலில் நூறு மூலக்கூறுகளுக்கு நான்கு பிரிந்திருக்கும், பிஹெச் 2.4-ஐ ஒட்டி வரும். அதையே பத்து மடங்கு நீர்த்தால் நூற்றுக்குப் பன்னிரண்டுக்குமேல் பிரியும். அப்படியானால் நீர் சேர்த்தால் வலிமை கூடுகிறதா என்று அடுத்துக் கேட்பீர்கள். இல்லை, பிரியும் பங்குதான் கூடுகிறது, மாறிலி மாறுவதில்லை. அயனிகளின் மொத்தச் செறிவும் குறையவே செய்கிறது.

இனி என் தழும்புக்கு வருகிறேன். கேனில் இருக்கும் அமிலம் லிட்டருக்கு 22 மோல் அளவுக்கு அடர்ந்தது. பிரியாத ஃபார்மிக் மூலக்கூறு சிறியது, எளிதில் தோலுக்குள் இறங்கக்கூடியது. பிரிந்த அயனிகள் செலவாகச் செலவாகப் பிரியாமல் இருந்தவை பிரிந்துகொண்டே இருக்கும். ஆக, அது வலிமை குறைந்த, ஆனால் மிக அடர்ந்த அமிலம். கண்ணாடியையே அரிக்கும் ஹைட்ரோஃபுளோரிக் அமிலமும் பாடப்புத்தகப் பட்டியலில் வலிமை குறைந்ததுதான் என்பதை நினைவில் வையுங்கள். (இவ்வளவு அடர்ந்த கரைசலுக்கு அந்த மாறிலிக் கணக்கு அப்படியே பொருந்தாது என்று கீழே எழுதப் போகும் பேராசிரியர்களுக்கு: தெரியும் ஐயா, முதலாண்டு மாணவருக்காக எழுதுகிறேன்.)

உங்களுடைய இரண்டாவது கேள்வியில் நான் இன்னும் மோசமாக வழுக்கினேன். வலிமை குறைந்த அமிலத்துக்குக் குறைவான காரமே போதும் என்று காட்டிப் பேராசிரியரின் வாயை அடைப்பதாக எண்ணிக்கொண்டு, வீட்டிலிருந்து சிறு புட்டியில் அமிலம் கொண்டுபோனேன். எங்கள் ஆய்வக உதவியாளர் திருவட்டாறு பக்கத்துக்காரர். எல்லா மாணவருக்கும் அவர் அண்ணன். கேன் அமிலத்தில் நான்கரை மில்லி லிட்டர் எடுத்து ஒரு லிட்டருக்கு நீர்த்தால் ஏறக்குறைய 0.1 மோலார் கிடைக்கும் என்று கணக்குப் போட்டுக் கலந்து கொடுத்தார். அதே செறிவுள்ள 20 மில்லி லிட்டர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை, அமிலம் தீர்ந்ததை நிறமாற்றத்தால் காட்டும் மெத்தில் ஆரஞ்சு என்ற நிறங்காட்டியை விட்டுத் தரம்பார்த்தேன், அதாவது காரத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளந்தேன். 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு 20.1 மில்லி லிட்டர் செலவானது. அதே அளவு ஃபார்மிக் அமிலத்துக்கும் அதே நிறங்காட்டியைச் சேர்த்தேன். 12 மில்லி லிட்டருக்குள்ளாகவே சிவப்பு வெளிறி ஆரஞ்சாகிவிட்டது. வென்றுவிட்டேன் என்று துள்ளினேன்.

அண்ணன் குடுவையை வாங்கிப் பார்த்தார். "மக்கா, நிறம் இன்னும் மாறிக்கிட்டே இருக்கே, இது எப்படி முடிவுப் புள்ளி ஆகும்?" என்றார். மெத்தில் ஆரஞ்சு பிஹெச் 3.1-க்கும் 4.4-க்கும் இடையில் நிறம் மாறுவது. ஃபார்மிக் அமிலம் பாதி நடுநிலையாகும்போதே பிஹெச் 3.75 ஆகிவிடும் என்பதால், அந்த நிறங்காட்டி வழியிலேயே மாறத் தொடங்கிவிடுகிறது. முழுவதும் நடுநிலையான இடத்தில் கரைசலில் இருப்பது சோடியம் ஃபார்மேட். அது லேசான காரத்தன்மை உடையது, பிஹெச் 8.2 அளவில் இருக்கும். ஃபினால்ஃப்தலீன் என்ற இன்னொரு நிறங்காட்டி இளஞ்சிவப்பாகத் தொடங்குவதும் அந்த இடத்தில்தான். அதைச் சேர்த்து மீண்டும் செய்யச் சொன்னார், 19.6 மில்லி லிட்டர் வந்தது. அந்த அரை மில்லி லிட்டர்க் குறை தோராயமாகக் கலந்ததால் வந்தது. அதைப் பிடித்துக்கொண்டு யாரும் வாதாட வேண்டாம்.

காரம் ஏன் குறையவில்லை என்று நான் கேட்டதற்கு அவர் சொன்ன விளக்கத்தைத்தான் மார்த்தாண்டத்தில் தனிப்பயிற்சி வகுப்பு நடத்தும் நான் இன்றும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். கல்யாண வீட்டில் பந்தியில் நான்கு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், தொண்ணூற்றாறு பேர் பந்தலுக்கு வெளியே நிற்கிறார்கள். நான்கு பேர் எழுந்ததும் வெளியிலிருந்து நான்கு பேர் வந்து உட்காருவார்கள். இலையில் இருப்பவர்களை எண்ணிச் சோறு வடித்தால் சமையற்காரர் மாட்டிக்கொள்வார். அவர் நூறு பேருக்கும் வடித்தாக வேண்டும். பிஹெச் காட்டுவது பந்தியில் இருப்பவர்களை. காரத்தின் அளவு சொல்வது வந்திருக்கும் அத்தனை பேரையும்.

ரப்பர் பாலில் நடப்பதற்கும் இதற்கும் தொடர்பு உண்டு. பாலில் மிதக்கும் ரப்பர்த் துகள்கள் புரதப் போர்வையோடு எதிர்மின் சுமை கொண்டவை. அதனால் ஒன்றையொன்று விலக்கிக்கொண்டு மிதக்கின்றன. அமிலம் தரும் ஹைட்ரஜன் அயனிகள் அந்தச் சுமையை நீக்கியதும் அவை ஒட்டிக்கொண்டு பால் உறைகிறது. அம்மோனியா விட்டால் உறையாமல் நிற்பது இதற்கு நேர்மாறான காரணத்தால். விலை மலிவு என்று கந்தக அமிலம் விடுபவர்களும் உண்டு. அளவு சற்று மிஞ்சினாலும் அது ஷீட்டில் தங்கி ரப்பரைக் கெடுக்கும் என்று அப்பா ஒருநாளும் அதைத் தொட்டதில்லை.

உங்கள் ஆய்வகத்தில் ஃபார்மிக் அமிலத்துக்குப் பதிலாக அசிட்டிக் அமிலம் கொடுக்கக்கூடும். அதன் மாறிலி இன்னும் பத்து மடங்கு சிறியது, 1.8 × 10⁻⁵. கணக்கு இதேதான்; மெத்தில் ஆரஞ்சை மட்டும் தொடாதீர்கள்.