நாள் தள்ளிப்போகும் வரை காத்திருக்க வேண்டாம்

கேள்வி: கல்யாணமாகி நாலு மாசம் ஆகிறது, ஊர் கொழிஞ்சாம்பாறை பக்கம். குழந்தைக்கு எதிர்பார்த்திருக்கிறோம் என்றதும் ஆஷா அக்கா (எங்கள் ஊர் சுகாதாரப் பணியாளர்) இப்போதே ஃபோலிக் அமில மாத்திரை போடச் சொன்னார். என் மாமியாரோ, 'முழுகாமல் இருப்பதே தெரியலை, அதுக்குள்ள எதுக்கு மாத்திரை, வீட்டில் கீரையா இல்லை?' என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: மாத்திரைக்கு ஆஷா அக்கா பேச்சு, சமையலுக்கு மாமியார் பேச்சு. சண்டை வேண்டாம் அம்மிணி.

குழந்தையின் மூளையும் தண்டுவடமும் நரம்புக் குழல் என்ற ஒன்றிலிருந்துதான் வளர்கின்றன. கரு உண்டாகி 28 நாளுக்குள் அது மூடிவிட வேண்டும், அதற்கு ஃபோலிக் அமிலம் துணை. நாள் தள்ளி, கிட் வாங்கிப் பார்த்து, வீட்டில் சொல்லி, அப்புறம் பாலக்காட்டுக்கோ பொள்ளாச்சிக்கோ டாக்டரிடம் போவதற்குள் பெரும்பாலும் அந்த வேலை முடிந்திருக்கும். சரியாக மூடாமல் போனால் பின்னால் போடுகிற மாத்திரை அதைச் சரிசெய்யாது. அதனால்தான் கரு உண்டாவதற்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பே தொடங்கி, கர்ப்பத்தில் 12 வாரம் முடியும் வரை தினமும் 400 மைக்ரோகிராம் எடுக்கச் சொல்கிறார்கள். இந்தக் குறையோடு ஏற்கெனவே கரு உண்டானவர்களை வைத்து நடந்து 1991-ல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வில், ஃபோலிக் அமிலம் எடுத்தவர்களுக்கு அது மறுபடி வருவது 72 சதவீதம் குறைந்தது. சும்மா சொல்கிற பேச்சில்லை இது.

கீரையிலும் தட்டைப்பயறிலும் இந்தச் சத்து நிறையவே உண்டு, ஆனால் சூட்டில் கொஞ்சம் அழியும், வேகவைத்த தண்ணீரில் கொஞ்சம் இறங்கிவிடும், நாமோ அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டிவிடுகிறோம். சாப்பாட்டை மட்டும் நம்பி தினமும் அந்த அளவை எட்டுவது கஷ்டம். கீரையை விடாதீர்கள், வேகவைத்த தண்ணீரை ரசத்தில் சேருங்கள், மாத்திரையையும் போடுங்கள்.

இன்னொன்று. மருந்துக் கடையில் வெறுமனே பேரைச் சொல்லிக் கேட்டால் பல இடங்களில் 5 மில்லிகிராம் அட்டையை நீட்டுவார்கள். அது உங்களுக்குச் சொன்ன அளவைப் போல பன்னிரண்டு மடங்குக்கு மேல். முன்பு அப்படிக் குறையோடு குழந்தை உண்டானவர்கள், வலிப்பு மருந்து சாப்பிடுகிறவர்கள், சர்க்கரை உள்ளவர்கள் ஆகியோருக்கு டாக்டர் கூடுதல் அளவு எழுதலாம். நீங்களாக வாங்கிப் போடாதீர்கள், அட்டையில் எண்ணைப் படியுங்கள்.

கேள்வி: மூணாறு எஸ்டேட்டில் வேலை, இது அஞ்சாவது மாசம். ஆஸ்பத்திரியில் கொடுத்த சிவப்பு மாத்திரையைக் காலையில் டீயோடு போட்டால் குமட்டுகிறது, மலமும் கறுப்பாகப் போகிறது. நிறுத்திவிடலாமா?

பதில்: நிறுத்தாதீர்கள். அதில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கிறது, கறுப்பாகப் போவது இரும்பால்தான், பயப்பட ஒன்றுமில்லை. டீயை மட்டும் தள்ளி வையுங்கள், மாத்திரைக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது. டீத்தோட்டத்தில் இருந்துகொண்டு டீயை ஒதுக்கச் சொல்கிறேனே என்று திட்டுவீர்கள், ஆனால் டீ இரும்பை உடம்பில் சேரவிடாது. ராத்திரி சாப்பிட்டபின் எலுமிச்சைச் சாற்றோடு போட்டால் குமட்டலும் குறையும். கால்சியம் மாத்திரையும் கொடுத்திருந்தால் அதை வேறு வேளைக்கு மாற்றுங்கள். அப்படியும் வாந்தி நிற்கவில்லையென்றால் அடுத்த செக்கப் வரை காத்திராமல் நர்ஸிடம் சொல்லுங்கள், வேறு மாத்திரைக்கு மாற்றித் தர வழி உண்டு.