சங்கிலியை உதறுவதா, உடைப்பதா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஆங்கிலக் கவிஞர் ஷெல்லியின் 'மாஸ்க் ஆஃப் அனார்க்கி' கவிதையைத் தமிழாக்கி, மகள் எஸ்டெட்போட் என்ற கலைப் போட்டியில் ஒப்பிக்கப் போகிறாள். 3 நிமிடம்தான். எதை எடுப்பது, எதை விடுவது? – வாசகி, சாட்ஸ்வொர்த், தென்னாப்பிரிக்கா

பதில்: மொத்தம் 91 பத்தி, அம்மா. 3 நிமிடத்துக்குப் பத்துப் பத்தி போதும். அதற்கு மேல் போனால் ஓட்டமாகிவிடும். தொடக்கத்தில் வரும் அமைச்சர்களின் பெயர்கள் இங்கே யாருக்கும் விளங்காது, விட்டுவிடுங்கள். மான்செஸ்டரில் 1819 ஆகஸ்ட் 16 அன்று, வாக்குரிமை கேட்டுக் கூடிய மக்கள்மேல் குதிரைப்படையை ஏவினார்கள் என்று ஒரே வரியில் சொல்லித் தொடங்கலாம்.

'சிங்கம்போல் எழுங்கள்' என்ற பத்தி நடுவே ஒருமுறையும் முடிவில் ஒருமுறையும் வருகிறது. தமிழாக்குகிறவர்கள் வழுக்கி விழுவது இங்கேதான். முதலாவது, 'எழு' என்று ஒருமையில் போடுகிறார்கள். ஷெல்லி கூட்டத்தைப் பார்த்துப் பேசுகிறார், 'எழுங்கள்' என்றே வேண்டும். ('எழுமின்' என்றால் மடத்து வாசனை வந்துவிடும்.) இரண்டாவது, 'சங்கிலியை உடைத்தெறியுங்கள்' என்று எழுதுகிறார்கள். மூலத்தில் உடைப்பதே இல்லை. தூங்கும்போது மேலே படிந்த பனித்துளியை உதறுவதுபோல் உதறச் சொல்கிறார். அடிமைத்தளைக்கு அவ்வளவுதான் கனம் என்கிறார். 'உடை' என்று போட்டால் அந்தக் கேலி செத்துவிடும்.

பெரும்பாலான பத்திகளுக்கு நாலு அடி, இதற்கு ஐந்து. நாலாவது அடியோடு முடிந்தது என்று காது நினைக்கும்போது ஐந்தாவது வந்து விழும்: 'நீங்கள் பலர், அவர்கள் சிலர்.' பலர், சிலர் என்ற எதுகை தமிழில் இலவசமாகக் கிடைக்கிறது. அதற்கு முன் அரை மூச்சு நிறுத்தச் சொல்லுங்கள்; கத்த வேண்டாம். படை வெட்ட வரும்போது கைகட்டி நின்று கண்ணிமைக்காமல் பாருங்கள் என்ற பகுதியை எக்காரணம் கொண்டும் வெட்டாதீர்கள். அதை வெட்டினால் வெறும் அடிதடிப் பாட்டு. 1913இல் இங்கே நேட்டால் மாகாணத்தில் சுரங்கத்திலும் கரும்புத் தோட்டத்திலும் வேலையை நிறுத்திய இந்தியத் தொழிலாளர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அந்த இடம் சொல்லாமலே புரியும்.

கேள்வி: மண்டேலா ராபன் தீவுச் சிறையில் சொன்ன 'இன்விக்டஸ்', ஷெல்லி காலத்து ரொமான்டிக் இயக்கத்தின் கவிதைதானே? – வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: இல்லை. ஆங்கிலக் கவிஞர் ஹென்லி அதை எழுதியது 1875இல். ஷெல்லி இறந்து 53 ஆண்டு ஆகிவிட்டது. தன்னந்தனி 'நான்' நிமிர்ந்து நிற்கும் தோரணை ரொமான்டிக் கவிஞர் பைரன் வழியாக வந்தது, அதுவரை சரி. ஆனால் அங்கே 'நீங்கள்' இல்லை. மேடையில் இரண்டையும் அடுத்தடுத்துச் சொல்லிப் பாருங்கள், வித்தியாசம் செவியிலேயே தெரியும்.

கேள்வி: பாரதிக்கும் ஷெல்லிக்கும் என்ன தொடர்பு? – வாசகர், ஃபீனிக்ஸ்

பதில்: 'ஷெல்லிதாசன்' என்று புனைபெயரே வைத்துக்கொண்டார். போதாதா?

கேள்வி: நம் நாட்டில் அந்தக் காலத்துக் கலகக் கவிஞர் யாராவது உண்டா? – வாசகர், டொங்காட்

பதில்: தாமஸ் பிரிங்கில். ஸ்காட்லாந்திலிருந்து 1820இல் குடியேறியவர். 1824இல் நண்பர் ஃபேர்பேர்னோடு சேர்ந்து கேப் டவுனில் பத்திரிகை நடத்தினார்; ஆளுநர் சாமர்செட்டின் நெருக்கடியில் இரண்டே இதழில் நின்றது. பிரிங்கிலின் பாலைவனக் கவிதையை ஆங்கிலக் கவிஞர் கோல்ரிட்ஜ் பாராட்டியிருக்கிறார். எனக்கென்னவோ, அவர் செய்த பெரிய கலகம் கவிதையில் இல்லை. லண்டன் திரும்பி அடிமை ஒழிப்புச் சங்கத்தின் செயலாளராகி, அடிமையாயிருந்த மேரி பிரின்ஸ் என்ற பெண் சொன்ன வாழ்க்கைக் கதையை 1831இல் பதிப்பித்தாரே, அதுதான்.