இரண்டு பென்ஷன், இரண்டு நாடு: வரி யாருக்குக் கட்டுவது?

கேள்வி: வக்கீல் ஐயாவுக்கு வணக்கம். நான் 20 வருடம் அரசு வேலை பார்த்தேன். அப்புறம் ஒரு தனியார் நிறுவனத்தில் 13 வருடம் இருந்து ஓய்வு பெற்றேன். இரண்டு இடத்திலிருந்தும் பென்ஷன் வருகிறது. போன வருடம் நானும் மனைவியும் மகள் இருக்கும் நாட்டுக்கே வந்துவிட்டோம். குடியுரிமை பழைய நாட்டுடையதுதான். அங்கே சொந்த வீடு பூட்டிக் கிடக்கிறது, வருடத்துக்கு இரண்டு மாதம் போய்த் தங்குவோம். அங்கே இரண்டு பென்ஷனிலும் வரி பிடித்துக்கொண்டுதான் தருகிறார்கள். இங்கே உள்ள வரித்துறையோ, உலகத்தில் எங்கிருந்து வந்த வருமானமானாலும் கணக்கில் காட்டு என்கிறது. ஒரே பணத்துக்கு இரண்டு முறை வரியா? தனியார் பென்ஷனில் ஒரு பகுதியை மொத்தமாக எடுத்துக்கொண்டால் அங்கே வரி இல்லை என்கிறார்கள். எடுக்கலாமா?

பதில்: எந்த நாட்டிலிருந்து எந்த நாட்டுக்கு வந்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. அந்த இரண்டு நாடுகளுக்கும் நடுவே இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு பதில் சொல்கிறேன். இப்படிப்பட்ட ஒப்பந்தங்களில் பெரும்பாலானவை ஓஇசிடி (பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பு) எழுதிய மாதிரி ஒப்பந்தத்தையோ ஐ.நா. சபையின் மாதிரி ஒப்பந்தத்தையோ பார்த்து எழுதப்பட்டவை. அதனால் சட்டகம் ஏறக்குறைய ஒன்றுதான், விவரத்தில்தான் வித்தியாசம் வரும்.

கேள்விக்கு நேர் பதில்: இரண்டு முறை கட்ட வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பாதுகாப்பு தானாக வராது, கேட்டு வாங்க வேண்டும். உங்கள் இரண்டு பென்ஷனும் ஒரே திசையில் போகாது என்பதையும் இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் தீர்க்க வேண்டியது, வரிக் கணக்கில் நீங்கள் எந்த நாட்டுவாசி என்பது. 183 நாள் எங்கே இருந்தோமோ அந்த நாடு என்று எல்லோரும் ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். பல நாடுகளின் உள்நாட்டுச் சட்டத்தில் அந்தக் கணக்கு உண்டுதான். ஆனால் இரண்டு நாடுமே உங்களைத் தன் நாட்டுவாசி என்று சொன்னால், ஒப்பந்தம் நாளை எண்ணி ஆரம்பிப்பதில்லை. மாதிரி ஒப்பந்தத்தின் 4-வது பிரிவு வரிசையாகக் கேட்கிறது: நிலையான வீடு எங்கே இருக்கிறது? இரண்டு இடத்திலும் இருந்தால், குடும்பமும் பணமும் சார்ந்த வாழ்க்கையின் மையம் எங்கே? அதிலும் தெளிவில்லை என்றால் வழக்கமாகத் தங்குவது எங்கே? அதற்கும் பிறகுதான் குடியுரிமை. அதுவும் கைகொடுக்காவிட்டால் இரண்டு அரசுகளும் பேசித் தீர்க்க வேண்டும்.

உங்கள் விஷயத்தில் இடிப்பது அந்தப் பூட்டிய வீடு. யாரும் இல்லாமல் கிடந்தாலும், நினைத்த நேரத்தில் திறந்து தங்கலாம் என்றால் அது உங்களுக்கு 'கிடைக்கக்கூடிய' வீடு. அதையே உறவில்லாத ஒருவருக்கு நீண்டகால வாடகைக்கு விட்டு, நீங்கள் போய்த் தங்கும் வழி இல்லாமல் இருந்தால், கணக்கில் வராது என்று ஓஇசிடியின் விளக்கக் குறிப்பே சொல்கிறது. வாடகைக்கு விடுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை, வாடகைக்கும் ஒரு வரி உண்டு. மனைவி உங்களோடு, மகள் பக்கத்தில், தங்குவது வருடத்தில் பத்து மாதம் இங்கே. இந்த நிலையில் வாழ்க்கையின் மையம் புதிய நாடுதான் என்று வாதாடுவதில் பெரிய சிரமம் இருக்காது. அதற்கான காகிதங்களைச் சேர்த்து வையுங்கள்: வாடகை ஒப்பந்தமோ மகள் வீட்டு முகவரிக்கு வந்த ரசீதுகளோ, மருத்துவக் காப்பீடு, வங்கிக் கணக்கு, பயணத் தேதிகள்.

அடுத்து பென்ஷன். தனியார் பென்ஷனுக்கு ஓஇசிடி மாதிரியின் 18-வது பிரிவு: நீங்கள் வசிக்கும் நாடு மட்டுமே வரி போடலாம். அரசு வேலைக்கான பென்ஷனுக்கு 19-வது பிரிவு: கொடுக்கும் நாடு மட்டுமே வரி போடலாம். இதில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது, பலர் இதைப் படிக்காமல் விட்டுவிடுகிறார்கள். நீங்கள் வசிக்கும் நாட்டின் குடியுரிமையும் உங்களுக்கு இருந்தால், அரசு பென்ஷன் அப்படியே அந்த நாட்டின் பக்கம் தாவிவிடும். அதனால் நாளைக்கு புதிய பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கும்போது, அது பென்ஷன் வரியையும் மாற்றும் என்பதைக் கணக்குப் போட்டுவிட்டுச் செய்யுங்கள்.

'அரசு வேலை' என்று நீங்கள் எழுதியதையும் ஒருமுறை சரிபார்க்க வேண்டும். அமைச்சகம், நீதிமன்றம், அரசுப் பள்ளி என்றால் சரி. அரசு நடத்தும் வங்கி, ரயில்வே, மின்சார நிறுவனம் மாதிரி வியாபாரமாக நடப்பவை என்றால் 19-வது பிரிவு பொருந்தாமல், தனியார் பென்ஷன் விதிக்கே போய்விடக்கூடும். பணி நியமன ஆணையையும் பென்ஷன் ஆணையையும் எடுத்து, பணம் எந்தக் கணக்கிலிருந்து, எந்தப் பணிக்காக வருகிறது என்று பாருங்கள். சமூகப் பாதுகாப்புத் திட்டத்தின் பென்ஷன் என்றால் அது மூன்றாவது வகை. ஐ.நா. மாதிரியில் அது கொடுக்கும் நாட்டுக்கே. இந்தியா-அமெரிக்கா ஒப்பந்தத்திலும் சமூகப் பாதுகாப்புப் பணத்துக்குக் கொடுக்கும் நாடு மட்டுமே வரி போடலாம்.

இப்போது இரட்டை வரிக்கு வருவோம். நிறையப் பேர் பணத்தை இழப்பது இங்கேதான். பழைய நாட்டில் பிடித்த வரியை இங்கே கழித்துக்கொள்ளலாம் என்று கணக்காளர் சொல்லியிருப்பார். பாதி உண்மை. பழைய நாட்டுக்கு அந்த வரியைப் போட ஒப்பந்தப்படி உரிமை இருந்தால்தான் கழிவு. உங்கள் தனியார் பென்ஷன் 100, அதில் பழைய நாடு 15 பிடிக்கிறது, புதிய நாட்டு வரி 22 என்று வைத்துக்கொள்வோம். 15-ஐக் கழித்துவிட்டு 7 கட்டினால் போதும் என்று நினைப்பீர்கள். ஆனால் ஒப்பந்தம் 'வசிக்கும் நாடு மட்டுமே' என்று சொல்கிறதே! அப்படியானால் அந்த 15 பிடிக்கவே கூடாதது. புதிய நாடு அதற்குக் கழிவு தராது, முழு 22-ம் கேட்கும். 15-ஐப் பழைய நாட்டிடம்தான் ரீஃபண்டாகத் திரும்ப வாங்க வேண்டும். வாங்காமல் விட்டால் உங்கள் கையிலிருந்து போனது 37.

பிடித்தத்தை நிறுத்துவதற்கு வழக்கமான வழி, புதிய நாட்டு வரித்துறையிடம் வசிப்பிடச் சான்றிதழ் வாங்கி, பழைய நாட்டில் பென்ஷன் கொடுப்பவருக்கோ வரித்துறைக்கோ அவர்கள் கேட்கும் படிவத்தோடு அனுப்புவது. பிரிட்டன் மாதிரி நாடுகளில் வரித்துறை பார்த்து, பிடித்தம் வேண்டாம் என்று பென்ஷன் நிறுவனத்துக்குக் குறியீடு அனுப்பும். அமெரிக்காவில், நான் வெளிநாட்டுவாசி என்று எழுதித் தரும் டபிள்யூ-8பென் படிவத்தைப் பென்ஷன் கொடுப்பவரிடமே தர வேண்டும், தராவிட்டால் 30 சதவீதம் பிடிப்பார்கள். ரீஃபண்டுக்குக் கெடு உண்டு, பிரிட்டனில் பொதுவாக 4 வருடம். போன வருடப் பிடித்தத்துக்கு இப்போதே மனு போடுங்கள்.

அரசு பென்ஷனுக்கு இது தலைகீழ். அங்கேதான் வரி, இங்கே இல்லை. அதனால் இங்கே காட்டவே வேண்டாம் என்று அர்த்தம் இல்லை. பல நாடுகள் அதற்கு வரி போடாமல், உங்கள் வரி விகிதத்தை நிர்ணயிக்க மட்டும் அதைச் சேர்த்துக்கொள்ளும். ஜெர்மனியில் இது வழக்கம். அரசு பென்ஷன் 40, தனியார் பென்ஷன் 60 என்றால், 100 வருமானத்துக்கு என்ன விகிதமோ அதை 60-க்குப் போடுவார்கள். இதைப் பார்த்துவிட்டு இரட்டை வரி என்று வாசகர்கள் எனக்கு எழுதுகிறார்கள். அது இரட்டை வரி இல்லை, எரிச்சலாக இருந்தாலும் ஒப்பந்தம் அனுமதிப்பதுதான்.

காட்டாமல் விட்டால் யாருக்குத் தெரியும் என்று உறவினர் யாராவது சொல்லியிருந்தால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். 2017 முதல் நாடுகள் ஒன்றுக்கொன்று வங்கிக் கணக்கு விவரங்களைத் தானாகவே பரிமாறிக்கொள்கின்றன, இப்போது நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளும் பிரதேசங்களும் அதில் இருக்கின்றன. பழைய நாட்டு வங்கியில் உங்கள் முகவரி மாறியதும் அந்தக் கணக்கு இங்கே உள்ள வரித்துறையின் கண்ணில் படலாம்.

ஒப்பந்தம் நிரந்தரம் என்றும் நினைக்க வேண்டாம். பென்ஷன்காரர்கள் வரி கட்டாமல் வெயில் காய்கிறார்கள் என்ற கோபத்தில் டென்மார்க், பிரான்சுடனும் ஸ்பெயினுடனும் செய்த ஒப்பந்தங்களை முறித்துக்கொண்டது, 2009-இல் அவை செல்லாமல் போயின. போர்ச்சுகலுடன் இருந்ததை பின்லாந்தும் சுவீடனும் முறித்தன. போர்ச்சுகலே, குடியேறுபவர்களின் வெளிநாட்டுப் பென்ஷனுக்குத் தந்த வரிச் சலுகையை முதலில் 10 சதவீத வரியாக மாற்றி, பிறகு 2024 முதல் புதியவர்களுக்கு மூடிவிட்டது. அதனால் ஒப்பந்தத்தின் இன்றைய வடிவத்தை, பின்னால் சேர்த்த திருத்தங்களோடு வாசியுங்கள்.

கடைசியாக மொத்தத் தொகை. இப்போது எடுக்காதீர்கள். அங்கே வரி இல்லை என்பது அந்த நாட்டின் சட்டம், அது இங்கே செல்லாது. பிரிட்டனில் பொதுவாக 25 சதவீதம் வரை வரியின்றி எடுக்கலாம், ஆனால் ஒப்பந்தத்தில் சொல்லியிருந்தால் ஒழிய, அந்தச் சலுகையை மதிக்க வேண்டிய கட்டாயம் மற்ற நாடுகளுக்குக் கிடையாது. நீங்கள் ஏற்கெனவே இங்கே குடியிருக்கிறீர்கள். தொகை முழுவதும் ஒரே வருட வருமானமாகச் சேர்ந்து, உங்களை உச்ச விகிதத்துக்குக் கொண்டுபோகலாம். குடிபெயர்வதற்கு முன்பே எடுத்திருந்தால் கதை வேறு. சில ஒப்பந்தங்களில் மொத்தத் தொகைக்குத் தனி உட்பிரிவு இருக்கிறது, சிலவற்றில் ஒரு வார்த்தைகூட இல்லை. உங்கள் ஒப்பந்தத்தில் எப்படி என்று இங்கே உள்ள வரி ஆலோசகரிடம் எழுத்தில் கருத்து வாங்குங்கள், முடிந்தால் வரித்துறையிடமே முன்கூட்டிய தீர்ப்புக் கேளுங்கள். வருடத்துக்குக் கொஞ்சமாகப் பிரித்து எடுத்தால் எவ்வளவு வரும் என்றும் ஆலோசகரைக் கணக்குப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். அந்தக் காகிதம் கைக்கு வரும்வரை பென்ஷன் நிறுவனம் அனுப்பும் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.