ஸ்டுடியோவுக்கு காசு கட்டறதுக்கு முன்னாடி என்னென்ன பேசி வைக்கணும்?

கேள்வி (சிங்கப்பூர் உட்லண்ட்ஸ் வாசகி): வணக்கம் அண்ணே. நாங்க நாலு பேரு சேந்து மூணு முருகன் பாட்டு எழுதி மெட்டு போட்டிருக்கோம். தைப்பூசத்துக்குள்ள ரெக்கார்ட் பண்ணி யூடியூப், ஸ்பாட்டிஃபைல போடணும்னு ஆசை. ஒரு ஸ்டுடியோல எஞ்சினியரோட சேத்து மணிக்கு 60 வெள்ளி சொல்றாங்க. இன்னொருத்தர் மியூசிக் ப்ரொட்யூசர், பாட்டுக்கு 900 வெள்ளி குடுங்க எல்லாத்தையும் நான் பாத்துக்கறேன்னு சொல்றார். முதல் இடம் தான் மலிவா தெரியுது, யார்கிட்ட போறது?

பதில்: வணக்கம்மா. ரெண்டு பேரும் விக்கிறது வேற வேற, அதனால விலையை மட்டும் வச்சு முடிவு பண்ணாதீங்க. மணிக்கு 60 வெள்ளின்னா பெரும்பாலும் ரூமு, மைக்கு, அதை இயக்கற எஞ்சினியர், அவ்வளவு தான். நீங்க பாடினதை சுத்தமா பதிவு பண்ணி குடுப்பார். தபேலா எங்க வரணும், ரெண்டாவது சரணத்துக்கு முன்னாடி புல்லாங்குழல் வேணுமான்னு யோசிக்கிறது அவர் வேலை இல்ல, அது ப்ரொட்யூசர் வேலை. உங்ககிட்ட வாசிக்கிற ஆளுங்க இருந்து பாட்டும் முழுசா பழகி இருந்தா மணிக்கணக்கு ஸ்டுடியோவே போதும். மெட்டு மட்டும் தான் இருக்கு, பின்னணி ஒண்ணும் இல்லன்னா ப்ரொட்யூசர் தான் வேணும். அப்படி இல்லாம மணிக்கணக்கு இடத்துல உக்காந்து அரேஞ்ச்மென்ட் யோசிக்க ஆரம்பிச்சீங்கன்னா மூணு பாட்டுக்கும் சேத்து ப்ரொட்யூசர் கேக்கற 2,700 வெள்ளியயே தாண்டிடலாம்.

ஆனா "எல்லாத்தையும் நான் பாத்துக்கறேன்"னு சொன்னாரே, அந்த "எல்லாம்" என்னன்னு வாட்ஸ்அப்ல எழுதி வாங்குங்க. மிக்ஸிங் (குரலையும் வாத்தியங்களையும் அளவா கலக்குறது) சேர்த்தியா, மாஸ்டரிங் (கலந்த பாட்டுக்கு கடைசி மெருகு குடுக்கறது) சேர்த்தியா, மிருதங்கம் நிஜமா ஆள் வச்சு வாசிக்கிறதா இல்ல கம்ப்யூட்டர் சாம்பிளா, மிக்ஸ் கேட்டுட்டு எத்தனை தடவை மாத்தம் சொல்லலாம், அதுக்கு மேல போனா எவ்வளவு. கடைசியா கையில என்ன வரும்னு கேளுங்க, இது தான் முக்கியம். வெறும் எம்பி3 குடுத்தா ஒத்துக்காதீங்க. 24 பிட் வேவ் ஃபைல் (சுருக்காத, முழுத் தர ஒலி), குரல் இல்லாத கரோக்கி மிக்ஸ், அப்புறம் ஸ்டெம்ஸ், அதாவது குரல் தனியா தாளம் தனியா கீபோர்டு தனியான்னு பிரிச்ச ஃபைல்கள். அடுத்த வருஷம் கோயில் மேடைல பாடறப்ப கரோக்கி வேணும், அப்ப போய் கேட்டா ப்ராஜெக்ட் அழிஞ்சு போச்சும்பாங்க, இல்ல தனியா காசு கேப்பாங்க. முதல்லயே பேசிட்டா பல பேரு சும்மாவே குடுப்பாங்க.

ஜிஎஸ்டி சேர்த்தியான்னும் கேட்டுடுங்க, இப்ப 9 விழுக்காடு. வருஷ வியாபாரம் 10 லட்சம் வெள்ளிய தாண்டினா தான் பதிவு கட்டாயம், அதனால தனியா வேலை பாக்குற எஞ்சினியர் நிறைய பேரு பதிவு பண்ணிருக்க மாட்டாங்க. பதிவு இல்லாதவங்க ஜிஎஸ்டின்னு சொல்லி காசு வாங்கக் கூடாது.

இன்னொரு விஷயம், இதை நான் ரொம்ப அழுத்தி சொல்றேன். இங்க நல்ல எஞ்சினியர் பல பேருக்கு தமிழ் தெரியாது, அதுல ஒரு குறையும் இல்ல, ஆனா நீங்க தயாரா போகணும். வரிகளை ஆங்கில எழுத்துல டைப் பண்ணி வரிக்கு வரி நம்பர் போட்டு ரெண்டு காப்பி எடுத்துட்டு போங்க, "லைன் 7 மறுபடி"ன்னு சொன்னா அவர் அடுத்த நொடி அங்க போய் நிப்பார், இல்லன்னா எந்த இடம்னு தேடியே உங்க மணி ஓடும். பாடாத ஒருத்தர் கன்ட்ரோல் ரூம்ல உக்காந்து ழகரம் ளகரம் சரியா விழுதான்னு மட்டும் கேக்கட்டும். பாடறவங்களுக்கு எத்தனை கட்டைன்னு வீட்லயே முடிவு பண்ணிடுங்க, பின்னணி முழுக்க செஞ்சதுக்கு அப்புறம் சுருதி எட்டலன்னா திரும்ப முதல்ல இருந்து வேலை, காசும் திரும்ப.

ஆட்டோ-டியூன் பத்தியும் வாய விட்டு பேசிடுங்க. அது சுரத்தை பக்கத்துல இருக்குற நேர் சுரத்துக்கு இழுத்து நிறுத்துற கருவி, நம்ம கமகம் சுரத்துக்கும் சுரத்துக்கும் நடுவுல அசைஞ்சு வாழற விஷயம். வேகமா செட் பண்ணி முழு குரல் மேலயும் போட்டா தோடியோ பைரவியோ எதுவா இருந்தாலும் அசைவு போயி படிக்கட்டு மாதிரி ஆயிடும், எஞ்சினியருக்கு அது சரியா தான் கேக்கும், நமக்கு தான் உயிர் போன மாதிரி இருக்கும். மெலடைன்ங்கற சுருதி திருத்தற சாஃப்ட்வேர்ல தப்பான இடத்தை மட்டும் கையால திருத்துங்கன்னு சொல்லுங்க, இல்ல அந்த வரிய இன்னொரு தடவை பாடிடுங்க. என்னைக் கேட்டா ரெண்டாவது தான் நல்லது. நீங்க போற எஞ்சினியர் இதுக்கு முன்னாடி கர்நாடக சங்கீத குரலோ மிருதங்கமோ பதிவு பண்ணினது எதாவது இருந்தா கேட்டு பாத்துட்டு போங்க. ராக் பேண்ட் பதிவு எவ்வளவு அருமையா இருந்தாலும் அது உங்களுக்கு பதில் சொல்லாது.

கேள்வி (அதே வாசகி): ரெக்கார்டிங் ஆனதுக்கு அப்புறம் பாட்டு யாருக்கு சொந்தம்? நாங்க தானே காசு குடுக்கறோம்?

பதில்: வரியும் மெட்டும் எழுதினவங்களுக்கு சொந்தம், அதாவது உங்களுக்கு. ஆனா பதிவான ஒலி தனி உரிமை. சிங்கப்பூரோட 2021 பதிப்புரிமை சட்டம் அந்த வருஷம் நவம்பர் 21ல நடைமுறைக்கு வந்துச்சு. அதுல இருந்து காசு குடுத்து செய்ய சொன்ன ஒலிப்பதிவுக்கு, ஒப்பந்தத்துல வேற மாதிரி எழுதலன்னா, உரிமை அதை உருவாக்கினவருக்கு தான் முதல்ல போகும், காசு குடுத்தவருக்கு இல்ல. நிறைய பேருக்கு இது தெரியாது. அதனால ஒலிப்பதிவு உரிமை முழுசா எங்களுக்குன்னு ஒரு தாள்ல எழுதி ரெண்டு தரப்பும் கையெழுத்து போட்டுக்கங்க, ப்ரொட்யூசர் பேர கிரெடிட்ல போடறோம்னும் அதுலயே எழுதுங்க, அது அவருக்கு சேர வேண்டிய மரியாதை. அவர் மெட்டுலயும் கை வச்சார்னா பங்கு எவ்வளவுன்னு அப்பவே பேசிடுங்க. மெட்டு போட்டவங்களும் எழுதினவங்களும் காம்பஸ்ங்கற இசையமைப்பாளர், பாடலாசிரியர் சங்கத்துல சேரலாம், பாட்டு பொது இடத்துல ஒலிச்சா வர்ற ராயல்டிய வசூலிச்சு குடுக்கறது அவங்க தான்.

கேள்வி (ஈசூன் வாசகர்): ரெண்டு பாட்டுக்கு பாதி காசு 800 வெள்ளி பேநவ்ல கட்டி குரலும் பாடி முடிச்சாச்சு. நாலு மாசம் ஆச்சு, மிக்ஸ் வரல, மெசேஜுக்கும் பதில் இல்ல. என்ன செய்ய?

பதில்: கோவமா வாய்ஸ் நோட் அனுப்பாதீங்க. தேதி போட்டு ஒரே மெசேஜ் எழுதுங்க: இந்த நாளுக்குள்ள மிக்ஸ் குடுங்க, முடியலன்னா பதிவான மூல வேவ் ஃபைல்களையும் செய்யாத வேலைக்கான காசையும் திருப்பி குடுங்கன்னு. குரல் ஃபைல் கையில வந்துட்டாலே இன்னொரு எஞ்சினியர் மிக்ஸ் பண்ணிடுவார், அதனால முதல்ல அதை கேட்டு வாங்குங்க. அப்பவும் அசையலன்னா பயனீட்டாளர் சங்கம் கேஸ் கிட்ட போகலாம், இல்ல நேரா சின்ன தொகை வழக்குக்கான ஸ்மால் கிளெய்ம்ஸ் டிரிபியூனல்ல ஆன்லைன்ல போடலாம். 20,000 வெள்ளி வரைக்கும் எடுப்பாங்க, ரெண்டு தரப்பும் ஒத்துக்கிட்டா 30,000. வக்கீல் வெச்சுக்க முடியாது, நீங்களே தான் பேசணும், 5,000 வெள்ளிக்குள்ள இருக்கற கோரிக்கைக்கு தனி ஆளுக்கு கட்டணம் 10 வெள்ளி தான். பிரச்சினை ஆரம்பிச்சதுல இருந்து ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும். சாட், பேநவ் ரசீது, பேசின விலை எல்லாத்தையும் இப்பவே ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைங்க.

கேள்வி (தெம்பனிஸ் வாசகர்): குரல் இங்க எடுத்துட்டு மிக்ஸிங் மட்டும் சென்னைக்கு அனுப்பலாமா?

பதில்: தாராளமா, பல பேரு செய்யறாங்க, நம்ம இசை அவங்க காதுக்கு பழக்கமும் கூட. எல்லா ட்ராக்கும் ஒரே தொடக்கத்துல இருந்து வர்ற மாதிரி வேவ்ல எடுத்து, டெம்போ, சுருதி, சாம்பிள் ரேட் மூணையும் எழுதி அனுப்புங்க. ஆனா தகராறு வந்தா வெளிநாட்டு ஆள இங்க டிரிபியூனலுக்கு இழுக்கறது லேசு இல்ல, அதனால முழு காசையும் முன்னாடியே அனுப்பாம முதல் மிக்ஸ் கேட்டதுக்கு அப்புறம் பாதி, கடைசி ஃபைல் வந்ததுக்கு அப்புறம் மீதின்னு பிரிச்சுக்கங்க.